வெரோனாவை ஆண்ட தெல்லா ஸ்காலா குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால இத்தாலி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பிளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் அதிகாரத்துக்கு வருவதற்கு முன்பே வடக்கே வெரோனாவில் ஒரு குடும்பம் வேரூன்றி, வளர்ந்து, தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அவர்களைப் பற்றி நான் எப்போது பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

தெல்லா ஸ்காலாவா, ஸ்காலிஜெரியா? ரெண்டும் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம்தான். தெல்லா ஸ்காலா என்பது குடும்பப் பெயர். ஸ்காலிஜெரி என்பது அந்தக் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. அவர்களுடைய சின்னம் ஏணி. வெரோனாவில் அவர்கள் கல்லறைகளைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பி வலையில்கூட ஏணி வடிவம் வரிசையாக வரும்.

இவங்க ராஜாக்களா?

இல்லை, ஒருபோதும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதையில் பாதி புரிந்துவிடும். வெரோனா ஒரு சுயாட்சி நகரம்: சபை, சட்டத் தொகுப்பு, தொழிற்சங்கங்கள், வழக்கமாக வெளியூரிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு அழைத்து வரப்படும் 'பொதெஸ்தா' என்ற தலைமை நிர்வாகி, எல்லாம் அங்கே இருந்தன. தெல்லா ஸ்காலா குடும்பம் இந்த அமைப்பைக் கலைக்கவில்லை. அதற்குள்ளேயே 'மக்கள் தலைவர்' என்ற பதவியைப் பிடித்து, பிறகு அதை ஆயுள் பதவியாக்கி, அப்புறம் பரம்பரைச் சொத்து மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். 1311இல் புனித ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி அவர்களைத் தன் பிரதிநிதிகளாக நியமித்த பிறகு அதற்கு மேலிருந்தும் ஒரு முத்திரை கிடைத்தது.

ஆனால் முடி இல்லை, அரச வம்சம் என்ற அங்கீகாரம் இல்லை, மூத்த மகன்தான் வாரிசு என்ற விதியும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே வரும் கொலைகளுக்கெல்லாம் அதுதான் ஆணிவேர்.

அப்படின்னா ஒரு சுயாட்சி நகரம் ஏன் ஒரே குடும்பத்துக்கிட்ட அதிகாரத்தைக் கொடுத்துச்சு?

பயத்தால்தான். அதுவும் நியாயமான பயம். வெரோனாவைப் பல ஆண்டுகள் எட்சலீனோ தா ரொமானோ என்பவர் பிடித்து வைத்திருந்தார். அந்தக் காலத்து எழுத்துகளில் கொடுமைக்கே மறுபெயராக வருபவர். அவர் 1259இல் செத்தார். அவர் போனதும் நகரத்துக்கு முன்னால் இரண்டு ஆபத்துகள் நின்றன. எட்சலீனோ துரத்திய எதிர்க்கட்சிப் பிரபுக்கள் திரும்பி வந்து பழிதீர்ப்பார்கள் என்பது ஒன்று, அக்கம்பக்கத்து நகரங்கள் மேலே வந்து விழும் என்பது இன்னொன்று. அந்த நேரத்தில் பொதெஸ்தாவாக வந்தவர் மஸ்தீனோ தெல்லா ஸ்காலா. பெரிய நிலப்பிரபு வம்சம் இல்லை, நகரத்துக்குள்ளேயே வளர்ந்த குடும்பம். அதனாலேயே வணிகர்களும் தொழிற்சங்கத்தாரும் அவரை நம்பினார்கள். 1262இல் அவர் மக்கள் தலைவர் ஆனார்.

1277 அக்டோபரில் அவரைத் தெருவிலேயே குத்திக் கொன்றார்கள். பக்கத்து ஊரான மாந்துவாவில் பொதெஸ்தாவாக இருந்த தம்பி ஆல்பெர்த்தோ உடனே ஓடி வந்தார். நகரம் அவருக்கு அந்தப் பதவியை ஆயுள் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தது. கொன்றவர்கள் குடும்பத்தை ஒழிக்க நினைத்திருந்தால், நடந்தது அதற்கு நேர்மாறு. என் கணக்கில் குடும்ப ஆட்சி உண்மையாகத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆல்பெர்த்தோவைப் பத்தி யாரும் பேசறதே இல்லையே, அவர் முக்கியமானவரா?

மிக முக்கியமானவர். புகழெல்லாம் மகனுக்குப் போய்விட்டது, அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 1277 முதல் 1301 வரை இருபத்துநான்கு ஆண்டு ஆண்டு, அக்கம்பக்கத்து நகரங்களோடு சமாதானம் பேசி, கம்பளி வணிகம் தழைக்க வழி செய்து, எர்பே சதுக்கத்தில் வணிகர் இல்லத்தைக் கல்லில் கட்ட வைத்து, கஜானாவில் பணத்தோடு மூன்று மகன்கள் கையில் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்தொலொமேயோ, அல்போய்னோ, கான்கிராந்தே என்று மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். கடைசி இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்தே ஆண்டார்கள். சகோதரர்கள் சண்டை போடாமல் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்ட காலம் இந்தக் குடும்பத்தில் அநேகமாக அந்த ஒரு தலைமுறைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கிய கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில், சிர்மியோனேயில் பிடிபட்ட சுமார் 200 பேரை 1278 பிப்ரவரியில் வெரோனாவின் ரோமானிய அரங்கத்தில் எரித்தார்கள். அதுவும் ஆல்பெர்த்தோ ஆட்சியில்தான். திருச்சபையோடு சமாதானமாகப் போவதற்காக நடந்தது என்பது காரணமாக இருக்கலாம், மன்னிப்பாக முடியாது. இன்றைக்கு அதே அரங்கத்தில் கோடைகாலத்தில் ஓபரா நடக்கிறது.

குவெல்ஃப், கிபெல்லீன்னு எல்லா இடத்திலயும் வருது. சுருக்கமா சொல்லுங்களேன்?

போப்பாண்டவர் பக்கம் குவெல்ஃப், பேரரசர் பக்கம் கிபெல்லீன். பெயருக்கு அவ்வளவுதான். நடைமுறையில் பக்கத்து ஊர்க்காரன் எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சி நாம் என்பதுதான் பல நகரங்களின் கொள்கை. பாதுவா குவெல்ஃப், வெரோனா கிபெல்லீன். இரண்டுக்கும் நடுவில் விச்சென்சா. அது யாருக்கு என்பதுதான் அவர்களுடைய உண்மையான சண்டை.

ஆனால் தெல்லா ஸ்காலா குடும்பத்துக்குக் கட்சி என்பது வெறும் கொடி இல்லை. பேரரசரின் பிரதிநிதி என்ற பட்டம் அவர்கள் அதிகாரத்துக்குச் சட்டப்படியான ஆதாரம். அதனால்தான் போப் இருபத்திரண்டாம் ஜான் 1317இல் அந்தப் பட்டங்களே செல்லாது என்று அறிவித்தபோதும் கான்கிராந்தே விடவில்லை. திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார்கள், அதற்கும் அசையவில்லை. வட இத்தாலியக் கிபெல்லீன் கூட்டணிக்கு 1318இல் அவரையே தலைவராக்கினார்கள்.

மஸ்தீனோ, கான்கிராந்தே… எல்லாம் நாய்ப் பேரா இருக்கே, நிஜமாவா?

நிஜம்தான். மஸ்தீனோ ஒரு காவல் நாய் இனம், கான்கிராந்தே பெரிய நாய். வேட்டையும் போரும் வாழ்க்கையாக இருந்த பிரபுக்களுக்கு அது பெருமையான பெயர். கான்கிராந்தேயின் குதிரைச் சிலையில் முதுகில் தொங்கும் தலைக்கவசத்தில் இறக்கை முளைத்த நாய்த்தலை இருக்கும். சிலையின் மூலம் இப்போது காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கல்லறையின் மேலே நிற்பது நகல்.

கான்கிராந்தே அப்படி என்னதான் சாதிச்சார்?

1291இல் பிறந்தவர், அண்ணன் அல்போய்னோ 1311இல் இறந்ததும் தனி ஆட்சி. அதே ஆண்டு விச்சென்சாவைப் பிடித்தார். அதற்காகப் பாதுவாவோடு பதினேழு வருடம் விட்டு விட்டு போர். 1314இல் பாதுவாப் படை விச்சென்சாவின் புறநகரில் புகுந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்தபோது கான்கிராந்தே வெரோனாவிலிருந்து ஒரு சிறு கூட்டத்தோடு குதிரையில் பறந்து வந்து தாக்கி, அந்தப் பெரும்படையைச் சிதறடித்தார். கைதானவர்களில் அல்பெர்தீனோ முசாதோ என்ற பாதுவாக் கவிஞரும் ஒருவர். விடுதலையாகி ஊர் திரும்பிய முசாதோ, எட்சலீனோவின் கொடுங்கோலை வைத்து லத்தீனில் ஒரு நாடகம் எழுதினார். பழைய கொடுங்கோலனைக் காட்டிப் புதியவனைப் பற்றி எச்சரிக்கிறார் என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. பாதுவா அவருக்கு 1315இல் கவிஞர் முடி சூட்டியது.

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். 1320இல் பாதுவா முற்றுகையில் தோற்று, காயத்தோடு தப்பி ஓடினார். கடைசியில் பாதுவா போரில் விழவில்லை, உள்சண்டையில் களைத்துப்போய் விழுந்தது. அங்கே தலைமையில் இருந்த மர்சீலியோ தா கர்ராரா 1328 செப்டம்பரில் ஊரை ஒப்படைத்தார். கர்ராரா குடும்பத்துப் பெண் தத்தேயாவை கான்கிராந்தேயின் அண்ணன் மகன் மஸ்தீனோவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 18ஆம் தேதி கான்கிராந்தே திரெவீசோ நகருக்குள் நுழைந்தார். நான்கே நாளில், ஜூலை 22 அன்று, அங்கேயே இறந்தார். வயது 38.

விஷம் வைச்சாங்கன்னு சொல்றாங்களே, அது வெறும் கதையா?

வெறும் கதை இல்லை. வழியில் குளிர்ந்த ஊற்றுநீர் குடித்தார், வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போய்விட்டார் என்றுதான் ஊருக்குச் சொல்லப்பட்டது. 2004இல் கல்லறையைத் திறந்தபோது உடல் இயற்கையாகவே பதப்பட்டு நன்றாக இருந்தது. கல்லீரலிலும் மலத்திலும் டிஜிடாலிஸ் செடியின் நச்சு அதிக அளவில் இருந்ததையும், குடலில் அதே செடியின் மகரந்தம் இருந்ததையும் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2015இல் வெளியிட்டார்கள். அந்த மகரந்தத்தோடு சாமந்தி வகைப் பூவான கெமோமைலும் முசுக்கொட்டைப் பழமும் இருந்ததால், ஏதோ கஷாயத்தில் கலந்து குடித்திருக்கிறார் என்று தெரிகிறது.

கொலையா, மருந்து மாறிப்போனதா என்பதை மகரந்தம் சொல்லாது. அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்று பழைய வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. அதனால் அன்றைக்கே சந்தேகம் இருந்தது உறுதி. 2021இல் வேறொரு குழு அவருடைய மரபணுவை ஆராய்ந்து, தசையைப் பலவீனப்படுத்தும் பொம்பே (Pompe) நோய் என்ற பரம்பரைக் கோளாறு அவருக்கு இருந்திருக்கலாம் என்று எழுதியது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அது அந்த நச்சு எப்படி உள்ளே போனது என்பதை விளக்காது.

தாந்தே இவங்க வீட்டிலதான் இருந்தாரா?

ஆமாம், இரண்டு முறை. கவிஞர் தாந்தே 1302இல் பிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட பிறகு அவருக்கு முதலில் அடைக்கலம் கொடுத்தது ஆல்பெர்த்தோவின் மூத்த மகன் பார்தொலொமேயோ என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பிறகு கான்கிராந்தே காலத்தில் பல ஆண்டுகள் தங்கினார். தன் 'தெய்வீக இன்பியல்' காவியத்தில், சொர்க்கப் பகுதியின் பதினேழாம் காண்டத்தில் கான்கிராந்தேயைப் புகழ்ந்திருக்கிறார். அந்தப் பகுதியையே அவருக்குக் காணிக்கையாக்கும் ஒரு லத்தீன் கடிதமும் உண்டு, அது முழுக்க தாந்தே எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை.

சோறு போட்டதற்காகப் புகழ்ந்தார் என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். அதே தாந்தே உத்தரிப்பு நிலைப் பகுதியில் ஆல்பெர்த்தோவைக் கடுமையாகத் தாக்குகிறார். திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகனைத் தகுதி பாராமல் புகழ்பெற்ற சான் செனோ மடத்துக்குத் தலைவராக்கியதற்காக. இன்னொரு நூலில் அல்போய்னோவையும் மட்டம் தட்டுகிறார். அந்த வீட்டுக்காரரின் அப்பாவையும் அண்ணனையும் குறை சொல்லத் தயங்காதவர் அவர்.

கான்கிராந்தேவுக்கு அப்புறம் எப்படி இவ்வளவு சீக்கிரம் சரிஞ்சது?

உடனே சரியவில்லை. முதலில் இன்னும் வீங்கியது. கான்கிராந்தேவுக்கு மணவழிப் பிள்ளைகள் இல்லை, அதனால் அல்போய்னோவின் மகன்கள் இரண்டாம் ஆல்பெர்த்தோவும் இரண்டாம் மஸ்தீனோவும் வந்தார்கள். ஓட்டியது மஸ்தீனோதான். 1332இல் பிரெஷா, 1335இல் பார்மா, அதே ஆண்டு மலைக்கு அந்தப் பக்கம் லூக்கா. அவருடைய வருமானம் ஆண்டுக்கு 7,00,000 தங்கப் பிளோரின் என்று பிளாரன்ஸின் வரலாற்றாசிரியர் வில்லானி எழுதியிருக்கிறார். பிரெஞ்சு மன்னரைத் தவிர வேறு கிறிஸ்தவ அரசருக்கு அவ்வளவு வரவில்லையாம். எதிரி ஊர்க்காரர் எழுதியது என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அவர் தனக்கு ஒரு முடி செய்து வைத்திருக்கிறார் என்றுகூட ஊரில் பேச்சு இருந்தது.

அவர் செய்த தவறு, பணபலம் உள்ள இரண்டு குடியரசுகளை ஒரே நேரத்தில் சீண்டியது. பிளாரன்ஸுக்கு லூக்கா வேண்டும், இவர் கொடுக்கவில்லை. வெனிஸின் உயிர்நாடி உப்பு வணிகமும் போ ஆற்றுப் போக்குவரத்தும், இவர் கடலோரக் காயல் பக்கம் உப்பளமும் கோட்டையும் போட்டு, ஆற்றில் சுங்கமும் வைத்தார். 1336இல் இரண்டு குடியரசுகளும் கைகோத்தன. 1337 ஆகஸ்டில் பாதுவாவின் கதவைத் திறந்துவிட்டவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன அதே மர்சீலியோ தா கர்ராரா. இரண்டாம் ஆல்பெர்த்தோவைப் பிடித்து வெனிஸுக்குக் கொண்டு போனார்கள். மறு ஆண்டு, எதிரிகளோடு சேர்ந்துவிட்டார் என்ற சந்தேகத்தில் வெரோனாவின் ஆயரை மஸ்தீனோ தன் கையாலேயே கொன்றார். அந்த ஆயரும் தெல்லா ஸ்காலா குடும்பத்துக்காரர். 1339 சமாதானத்தில் திரெவீசோ வெனிஸுக்குப் போனது. 1341இல் பார்மாவை அவருடைய தாய்மாமன்மார்களான கொர்ரெஜ்ஜோ குடும்பத்தாரே பிடுங்கிக்கொண்டார்கள், வழி அறுந்துபோன லூக்காவை விற்க வேண்டியதாயிற்று. மிஞ்சியது வெரோனாவும் விச்சென்சாவும். கான்கிராந்தே 1311இல் வைத்திருந்ததும் அதுதான்.

காஸ்தெல்வெக்கியோ கோட்டை ஊருக்கு உள்ளேயே இருக்கே, எதிரி வெளியிலிருந்துதானே வருவான்?

சரியான கேள்வி. அந்தக் கோட்டை வெரோனா மக்களிடமிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும் பாதுகாத்துக்கொள்ளக் கட்டியது. மஸ்தீனோவின் மகன் இரண்டாம் கான்கிராந்தே 1354இல் ஊரில் இல்லாதபோது, அப்பாவுக்கு வேறு பெண்ணிடம் பிறந்த சகோதரன் ஃப்ரென்யானோ, கான்கிராந்தே செத்துவிட்டார் என்று புரளி கிளப்பி ஆட்சியைப் பிடித்தார். கான்கிராந்தே திரும்பி வந்து அவரை ஒழித்த கையோடு கோட்டையைத் தொடங்கிவிட்டார். கோட்டையிலிருந்தே ஆதிஜே ஆற்றைக் கடக்கும் பாலம் தப்பிக்கும் வழி. அவர் மனைவி, பவேரியாவைச் சேர்ந்த பேரரசர் லூயியின் மகள், வடக்கே மலையைத் தாண்டினால் மாமனார் வீட்டு உதவி கிடைக்கும். அந்தப் பாலத்தின் பெரிய வளைவு கிட்டத்தட்ட 48.7 மீட்டர் அகலம், அந்தக் காலத்துக்கு அசாத்தியம். 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடி வைத்துத் தகர்த்தது. ஆற்றிலிருந்து பழைய கற்களை எடுத்து 1951க்குள் மறுபடி கட்டினார்கள்.

அண்ணன் தம்பிகளே கொன்னுக்கிட்டாங்களாமே, யாரு யாரை?

அந்தக் கோட்டை கட்டியவரையே முதலில் சொல்ல வேண்டும். 1359 டிசம்பரில் இரண்டாம் கான்கிராந்தேயை அவருடைய தம்பி கான்சின்யோரியோ தெருவில் வைத்துக் கொன்றார். கொன்றவர் பதினாறு வருடம் ஆண்டார், 1368இல் எர்பே சதுக்கத்து நீரூற்று உட்பட ஊருக்கு நிறையக் கட்டினார். ஆனால் இன்னொரு தம்பி பவுலோ அல்போய்னோவைச் சிறையில் போட்டு, 1375இல் தான் சாகப்போகும் நேரத்தில் அவரைக் கொல்லவும் ஏற்பாடு செய்தார். காரணம், மணவுறவுக்கு வெளியே பிறந்த தன் இரு மகன்களுக்கு ஆட்சி போக வேண்டும். தம்பி உயிரோடு இருந்தால் அந்தப் பிள்ளைகளின் உரிமை நிற்காது.

அந்தப் பிள்ளைகள் இரண்டாம் பார்தொலொமேயோவும் அந்தோனியோவும். 1381 ஜூலையில் அந்தோனியோ அண்ணனைக் கொன்று, பழியைத் தூக்கி வேறு பிரபுக்கள் மேல் போட்டார். இப்போது இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பிப் பாருங்கள். மூத்தவனுக்குத்தான் என்று விதி இருந்திருந்தால் தம்பிக்கு எதிர்பார்ப்பு இருந்திருக்காது. பதவி குடும்பம் முழுவதற்கும் பொது என்றானதால், உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சகோதரனும் பங்காளியாகிவிட்டான், பங்காளி என்றால் ஆபத்து. இவர்கள் ரத்தத்தில் கொடுமை ஊறியிருந்தது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆல்பெர்த்தோவின் மூன்று பிள்ளைகளுக்கும் அதே ரத்தம்தான், ஆனால் அவர்கள் காலத்தில் பங்கு போட ஊர்கள் கூடிக்கொண்டே போயின. பிந்தியவர்களுக்கு இரண்டே ஊர்.

கடைசியில யார் கையில வீழ்ந்தாங்க?

மிலானின் ஜான் கலெயாத்சோ விஸ்கோந்தி கையில். 1387 மார்ச்சில் காஸ்தன்யாரோ போரில் அந்தோனியோவின் படை பாதுவாவிடம் படுதோல்வி அடைந்தது. எதிர்ப்படையை நடத்தியவர் ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயக் கூலிப்படைத் தலைவர். அடுத்து மிலானும் பாதுவாவும் சேர்ந்து வெரோனா உனக்கு, விச்சென்சா எனக்கு என்று பேசிக்கொண்டன. அக்டோபரில் விஸ்கோந்தி இரண்டையும் தானே எடுத்துக்கொண்டார். உறவுமுறையையும் பாருங்கள்: அந்தோனியோவின் அத்தை ரெஜீனா, மிலானின் பெர்னாபோ விஸ்கோந்தியின் மனைவி. ரெஜீனாவின் மகள் கத்தெரீனாவின் கணவர்தான் இந்த ஜான் கலெயாத்சோ. அத்தை மகளின் வீட்டுக்காரர்தான் ஊரைப் பிடுங்கினார். அந்தோனியோ மறு ஆண்டே இறந்தார்.

1404இல் இரண்டாம் கான்கிராந்தேயின் மகன் குல்யேல்மோ பாதுவாவின் உதவியோடு ஊருக்குள் நுழைந்தார், சில நாட்களிலேயே இறந்துபோனார். 1405இல் வெரோனா வெனிஸுக்குப் போனது.

மிலானில் இருக்கிற லா ஸ்காலா ஓபரா அரங்கத்துக்கும் இவங்களுக்கும் தொடர்பு உண்டா, பேர் மட்டும் ஒத்துப்போகுதா?

நேரடித் தொடர்பு உண்டு. மேலே வந்த ரெஜீனா தெல்லா ஸ்காலாவின் பெயரால் 1381இல் மிலானில் ஒரு மாதா கோயில் எழுந்தது. பின்னாளில் அதை இடித்த இடத்தில் கட்டிய அரங்கம் 1778 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்டது. கோயிலின் பெயர் அரங்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. வெரோனாவில் கொலைகாரச் சகோதரர்களோடு அற்றுப்போன பெயரை, உலகம் இன்று உச்சரிப்பதற்குக் காரணம் மிலானுக்கு மணமுடித்துக் கொடுத்த பெண்.

ரோமியோ ஜூலியட் கதையில வர்ற வெரோனா பிரபு இவங்கதானா?

அந்தப் பாத்திரத்தின் பெயர் எஸ்கலஸ், தெல்லா ஸ்காலாவிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியருக்கு முன்பே இக்கதையை எழுதிய லுயீஜி தா போர்த்தோ, அதை பார்தொலொமேயோ காலத்தில் நடந்ததாக வைத்தார். கதையில் ரோமியோவின் குடும்பமாக வரும் மொந்தெக்கி வெரோனாவில் நிஜமாகவே இருந்தது. ஜூலியட்டின் குடும்பமாக வரும் கப்பெல்லெத்தி கிரெமோனா ஊர் அரசியல் கட்சி. காதலர்கள் கற்பனை. ஜூலியட் வீட்டு மாடமும் இருபதாம் நூற்றாண்டில் சேர்த்ததுதான். அந்த வரிசையில் நிற்கிற நேரத்தில் சில நிமிடம் நடந்தால் சாந்தா மரியா அந்தீக்கா கோயிலடியில் இவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன, முதலில் அங்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னைக்கு வாரிசுகள் யாராவது இருக்காங்களா? ஸ்காலிஜர்னு ஒரு அறிஞர் இருந்தாரே?

குல்யேல்மோவின் பிள்ளைகள் வழி ஒரு கிளை ஜெர்மன் நாடுகளுக்குப் போய், பவேரியாவில் பிரபுக்களாக வாழ்ந்து 1598இல் ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தது. அவர்களில் புருனோரோ, வெரோனாவின் பேரரசப் பிரதிநிதி என்ற வெற்றுப் பட்டத்தோடு வாழ்நாள் முழுவதும் ஊரைத் திரும்பப் பெற அலைந்து 1437இல் இறந்தார்.

ஸ்காலிஜர் விஷயம் வேறு. ஜூலியஸ் சீசர் ஸ்காலிஜரும் அவர் மகன் ஜோசப்பும் தாங்கள் இந்த வெரோனாக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். மகன் ஜோசப் கால ஆராய்ச்சியில் மாமேதை, வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண்ணிக்கைக்கு அடிப்படை அவர் 1583இல் வகுத்த முறை. ஆனால் வம்சாவளி பொய் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே ஸ்கியோப்பியஸ் என்பவர் 1607இல் ஒரு தடித்த நூல் எழுதி உடைத்தார். இன்றைய வரலாற்றாசிரியர்களும் அந்த உறவை ஏற்பதில்லை.